காதுத் தோல் அனுப்பமாட்டேன்

என் தம்பி, அக்காவான என்னோடு வாதாடி ஒருநாளும் வென்றதில்லை. இருந்தும் அன்று கட்டாரிலிருந்து போனில் கோல் எடுத்து, எங்கள் கிழட்டுப் பூனையின் காதில் துளித் தோல் வெட்டி அனுப்பச் சொன்னான். அவன் கார் ஓட்டும் வீட்டு மெடம், செத்துப்போன தன் பூனையைக் குளோனிங் செய்து அச்சு அசலாய் எடுத்துவிட்டாவாம். எங்கள் பூனைக்கும் செய்து தருவதாகச் சொல்கிறாவாம்.

யுத்தம் முடிந்தபின் கண்டக்குழியில் அவன் கடலுக்குப் போன காலத்தில் குட்டியாய்க் கொண்டுவந்த பெண்பூனை அது. காயப்போட்ட கருவாட்டுக்கு அவளைத்தான் காவல் வைத்தான். ஊரே சிரித்தது. அவளோ காகத்தை விரட்டுவாளே தவிர ஒன்றிலும் வாய் வைக்கமாட்டாள். மாலையில் அவன் கையால் கொடுத்தால்தான் தின்பாள். இப்போது கண் மங்கிக் கிடந்தாள். தான் வருமுன் போய்விடுவாளோ என்று அவனுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

"அதே பூனை கிடைக்கும் ராத்தா."

"அந்தக் குட்டியச் சுமந்த தாய்ப்பூனை எங்கெண்டு ஒன்ட மெடமுக்குத் தெரியுமா? எத்தன பூனைக்கு ஊசி போட்டாங்க, எத்தன குட்டி வீணாப் போச்செண்டு கேளு."

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கோல் எடுத்தான்.

"கேட்டேன் ராத்தா. அதெல்லாம் யாரும் கேக்கிறல்லயாம்."

"நான் கேக்கிறேன். உயிரோட இருக்கிறவட காதுல கத்தி வைக்கமாட்டேன். அவளப் பாக்க ஆசையெண்டா லீவு போட்டுட்டு வா."

கோலை வெட்டிவிட்டான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் மீன் அவித்து, முள் எடுத்து ஊட்டினேன். "அவன் வாற வரைக்கும் இருடி" என்று அதட்டவும் செய்தேன்.

பெருநாளைக்கு வந்தே விட்டான். பையை முற்றத்தில் போட்டுவிட்டு அவள் முன்னால் குந்தினான். அவள் அவன் கையை மோந்து பார்த்தாள். நன்றாகவே மோந்தாள். பிறகு விட்டாள் ஓர் அறை! புறங்கையில் இரத்தம் கசிந்தது. அவளோ முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி அழுதுகொண்டே சிரித்தான். "கோவத்தப் பாத்தீங்களா ராத்தா! விட்டுட்டுப் போனதுக்குக் கோவம்!"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வேளையிலும் என் வாய் சும்மா இருக்குமா?

"மெடம்ட புதுப் பூனை இப்பிடிக் கோவிக்குமா?" என்றேன்.

"அதுக்கு என்னத்துக்கு ராத்தா கோவம் வரும்?" என்றான், கீறலைத் தடவியபடி. "அத யாரும் விட்டுட்டுப் போகல்லயே."