பத்தொன்பது மூன்றாம் பாகங்கள்

என் தங்கச்சி ஒரு மோசடிக்காரி. இதை அவளே மேடையேறி மைக்கில ஒத்துக்கிட்டா, அதனால நான் சொல்றதுல தப்பில்லை. கூட்டுக் களவாணி நான். அதையும் சொல்லிடுறேன், இல்லேன்னா என் பொண்டாட்டி சொல்லிடுவா.

அவ வேலை பாக்குறது நூலகத்துல, மாடியில இருக்குற சிறுவர் பிரிவுல. நீளமா ஒரு ரூம், வரிசையா ஜன்னல், முழங்கால் உயரத்துக்கு நாற்காலி. அந்த நாற்காலியில உக்காந்து உக்காந்தே அவ இடுப்பு போச்சு. தான் படிக்காத புத்தகத்தை ஒரு பிள்ளை கையில குடுக்க மாட்டா. புதுசா ஒரு பிள்ளை வந்தா, எந்த வகுப்பு, எவ்வளவு மார்க்குனு கேக்குற பழக்கமெல்லாம் கிடையாது. "கடைசியா எதைப் பாத்துச் சிரிச்ச?"ன்னு கேப்பா. எங்க வீட்டு நாய் தும்முனதைப் பாத்துன்னு பிள்ளை சொல்லும். உடனே எந்திரிச்சுப் போய் ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வருவா. பதிமூணு, பதினாலு வயசுன்னா கேள்வி வேற: "இப்ப யார் மேல கோவம்?" அதுக்கும் ஒரு அலமாரி வச்சிருக்கா.

அதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சீங்கன்னா, நீங்க பெத்தவங்களைப் பாத்ததே இல்லைன்னு அர்த்தம். பிள்ளை ஆசையா நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்கும். பின்னாடியே அப்பா வருவாரு. புத்தகத்தைப் பிடுங்கி, தக்காளி பொறுக்குற மாதிரி அமுக்கிப் பாத்துட்டு, "இதுல பிள்ளைக்கு என்ன நன்மை?"ன்னு கேப்பாரு. பேய் வருதா, வேண்டாம். திருடன் வர்றானா, வேண்டவே வேண்டாம். சிரிப்பு வருமா, பரீட்சைக்கு வருமா அதெல்லாம்? என் தங்கச்சி பிள்ளைங்ககிட்ட அருவியா கொட்டுவா, பெரியவங்க முன்னாடி மட்டும் கப்சிப்னு நிப்பா. புத்தகம் திரும்ப அலமாரிக்குப் போயிடும்.

எதிர்ல என் பைண்டிங் கடை. நூலகத்துக் கிழிசலெல்லாம் என்கிட்டதான் வரும். ஆயிரக்கணக்குல தச்சிருக்கேன், ஒண்ணைக்கூடப் படிச்சதில்லை. எனக்குப் புத்தகம்னா முதுகும் அட்டையும்தான்.

ஒரு மழைக்காலத்துல நூலகத்து ஸ்டோர் ரூம் ஒழுகி, 'நன்னடத்தைக் கோவை - மூன்றாம் பாகம்' நனைஞ்சு கூழாப் போச்சு. மொத்தம் நாலு பாகம். அதைக் கடைசி வரைக்கும் படிச்ச ஒரே உயிர் கரையான்தான். அட்டை மட்டும் எப்படியோ தப்பிச்சிருந்தது. அந்த அட்டையோட, 'கொட்டாவிப் பேய்'ங்கிற கதைப் புத்தகத்தையும் தூக்கிட்டு என் தங்கச்சி கடைக்கு வந்தா.

"அண்ணா, இந்தப் பேயை அந்த அட்டைக்குள்ள வச்சுத் தச்சுடு."

"வேலை போயிடும்டி."

"போனா உன் கடையில பசை கிண்டுறேன். தை."

தச்சேன். மறுநாளே ஒரு அப்பா அதை வாங்கிப் பாத்து, "இந்த மாதிரிதான் குடுக்கணும்"னு பாராட்டிட்டுப் போனாராம். அவ்வளவுதான், என் நிம்மதி போச்சு. அடுத்த புத்தகத்தோட வந்துட்டா. இந்தத் தடவை அட்டையும் நானே செய்யணும். பேரை அடிக்க பித்தளை எழுத்தை ஒவ்வொண்ணா கோத்து, சூடு பண்ணி, தங்கத் தாள் வச்சு அழுத்தணும். கோக்கவே அரை நாள் ஆகும். 'நன்னடத்தைக் கோவை - மூன்றாம் பாகம்'னு ஒரு தடவை கோத்தேன். கோத்ததைப் பிரிக்கச் சோம்பேறித்தனம். அதுக்கப்புறம் எது வந்தாலும் அதே அச்சுதான். ரெண்டு வருஷத்துல பத்தொன்பது கதைப் புத்தகம், பத்தொன்பதும் மூன்றாம் பாகம்.

"ஒண்ணு, ரெண்டுன்னு மாத்தியாவது அடிக்கக் கூடாதா?"ன்னு திட்டுவா.

"யாருடி பாக்கப் போறா?"

பெத்தவங்க பாக்கலை, அது வாஸ்தவம்தான். என் பிள்ளை ஒழுக்கத்தைக் கீழயே வைக்க மாட்டேங்குதுன்னு பெருமைதான். ஒரு அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் வந்து, "படிக்கும்போது ஏன் உருண்டு உருண்டு சிரிக்கிறான்?"னு கேட்டாங்க. தங்கச்சி குனிஞ்ச தலை நிமிராம "ஒழுக்கம் உள்ள இறங்குதுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டா.

பாத்தது தலைமை அலுவலகம். வருஷா வருஷம் புதுசா என்ன வாங்கணும்னு அவ ஒரு லிஸ்ட் அனுப்புவா. அந்த வருஷம் அறுபத்து நாலு புத்தகம். லீவு நாளெல்லாம் கடை கடையா நின்னு படிச்சு, எது எந்த மாதிரிப் பிள்ளைக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் அரைப் பக்கம் எழுதியிருந்தா. அதுக்கு வந்த பதிலை என் கடையில நின்னுக்கிட்டேதான் பிரிச்சா. எல்லாக் கிளையிலயும் சேத்து அதிகமா இரவல் போன சிறுவர் நூல் 'நன்னடத்தைக் கோவை - மூன்றாம் பாகம்'. ஆகவே தங்கள் பட்டியலுக்குப் பதிலாக அந்நூலிலேயே முந்நூறு பிரதிகள் வாங்கப்படும். தங்களுக்குப் பதவி உயர்வு. கூட்டத்துக்கு வந்து, அந்நூலை மற்ற கிளைகளுக்குப் பரிந்துரைத்துப் பேசவும்.

ஸ்டூல்ல உக்காந்துட்டா. "அறுபத்து நாலும் போச்சு அண்ணா"ன்னு அழுதா. அரை நாள் சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு கூலியான்னு எனக்கு என் மேலயே வெறுப்பா வந்தது. சமாதானம் பண்றதா நினைச்சு, "பேசாம பதவியை வாங்கிக்கோ. முந்நூறையும் பிரிச்சு உள்ள பேயை வச்சுத் தந்துடுறேன்"னேன்.

"உள்ள வைக்கப் பேய் எங்க இருக்கு? அதை வாங்கத்தான லிஸ்ட் போட்டேன்."

கூட்டத்துல பேசக் கூப்பிட்டதும் போய் மூன்றாம் பாகத்தைத் திறந்து முதல் அத்தியாயத்தைப் படிச்சா. ஒரு பேய் பயமுறுத்த வந்த இடத்துல, கட்டில் மெத்துன்னு இருக்கேன்னு படுத்துத் தூங்கிடுது. மண்டபமே சிரிச்சது. மேலதிகாரி அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, ஒழுக்கத்தை இவ்வளவு ருசியா எழுத முடியுமான்னு பக்கத்துல கேட்டாங்களாம். அப்பதான் இவ உண்மையைச் சொன்னா. சிரிச்ச வாயை மூடக்கூட அவங்களுக்கு நேரம் கிடைக்கலை.

முந்நூறு பிரதி நின்னுது, பதவி உயர்வும் நின்னுது. "பெத்தவங்களை ஏமாத்தியிருக்கீங்க. அவங்களையே கேப்போம். புகார் வந்தா நீங்க கீழ பழைய பேப்பர் கட்டு அடுக்கப் போகணும். அவங்களுக்கே வேண்டாம்னா இந்த லிஸ்ட்டுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"ன்னுட்டாங்க அந்த மேலதிகாரி மேடம்.

சனிக்கிழமை காலையில மேடம் வந்து அந்தக் குட்டி நாற்காலியில புகார் ஃபார்மோட உக்காந்து, புத்தகம் மாத்த வர்ற பெத்தவங்ககிட்ட அட்டை விஷயத்தைச் சொன்னாங்க. நானும் போயிருந்தேன், இந்தக் கேஸ்ல ரெண்டாம் எதிரி ஆச்சே. முதல்ல வந்த மூணு பேரும் எழுதிக் குடுத்தாங்க. ஒருத்தர் ரெண்டு பக்கத்துக்கு எழுதினாரு. படிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு எழுத மட்டும் எங்க இருந்துதான் வருதோ.

நாலாவதா ஒரு லாரி டிரைவர், காக்கிச் சட்டையோட. மேடம் ஃபார்மை நீட்டுனாங்க. அவரு வாங்கலை.

"என் பொண்ணு ரெண்டு வருஷமா படிச்சதெல்லாம் இதானாம்மா?"ன்னு தங்கச்சியைக் கேட்டாரு.

"ஆமாங்க."

"வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். பேச ஒண்ணும் இருக்காது. சாப்பிடும்போது எனக்குச் சத்தமா படிச்சுக் காட்டுவா. ஒழுக்கத்துக்குப் போய்ச் சிரிப்பு வருதே, நமக்குத்தான் ஏதோ கோளாறு போலன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லலை." "நாலாம் பாகமும் இப்படித்தான?"ன்னாரு.

"இல்லைங்க. அது நிஜமாவே ஒழுக்கம்."

"அப்ப அது வேண்டாம். வேற குடுங்க."

அலமாரியில இருந்து ஒண்ணை எடுத்துட்டு வந்தா. சொந்த அட்டையோட, அட்டையில திருடன் படத்தோட. பெத்தவர் ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து அவ முழுசாப் பேசி அன்னைக்குத்தான் கேட்டேன். "இவன் திருடன், ஆனா நாய்னா பயம். ஊர்ல எல்லா வீட்லயும் நாய் இருக்கு. பரீட்சைக்கு ஒண்ணும் வராது. ரெண்டு பேரும் சிரிப்பீங்க, அவ்வளவுதாங்க."

"பேரு போட்டுக் குடுங்க"ன்னு கார்டை நீட்டுனாரு.

அவர் போனதும் மேடம் ஃபார்ம் கட்டை ஓரமாத் தள்ளிட்டுப் பையில இருந்து அந்த லிஸ்ட்டை எடுத்தாங்க. முதல் பேர்ல பேனாவை வச்சு, "இது என்ன கதை?"ன்னாங்க.

தங்கச்சி சொல்ல ஆரம்பிச்சா. இன்னும் அறுபத்து மூணு இருக்கேன்னு கணக்குப் பண்ணிப் பாத்து, நான் மேடத்துக்குப் பெரிய நாற்காலி ஒண்ணு தேடிக் கீழ இறங்கினேன்.