கடலுக்குப் போகும் நாளில் ஒரு கச்சேரி

எங்கள் வீட்டில் இருந்த சால்வைகள் ஊட்டியில் இருந்திருந்தால் யாருக்காவது உபயோகப்பட்டிருக்கும். மார்கழியிலும் விசிறி தேடுகிற தூத்துக்குடிக் கடற்கரையில், எங்கள் அலமாரியின் இரண்டு தட்டு நிறையச் சால்வைகள். எல்லாம் மாமாவுக்குப் போர்த்தியவை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். பகலில் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனிக்கிழமையானால் 'அலைமகுடம் மெல்லிசைக் குழு'வின் பாடகர்.

குழு என்றால் மொத்தம் மூன்று பேர். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் கீபோர்டு வாசிப்பார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் டிரம்ஸ் தட்டுவார். மூன்று பேர் இருந்தால் அது குழுவா என்று அப்பா கேலி செய்வார். இரண்டு மூன்று பேர் கூடினாலே அங்கே ஆண்டவர் இருப்பதாக வேதத்தில் இருக்கிறதே என்று மாமா பதில் சொல்வார். 

மாமா சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடுவார். சினிமாவில் அதைப் பாடியவர் மூச்சு இழுக்கும் இடத்தில் இவரும் மூச்சு இழுப்பார். சோகப் பாட்டில் அவர் குரல் கம்மினால் இவர் குரலும் அதே எழுத்தில் கம்மும். பாடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். பாட்டுக்கு நடுவில் யாராவது மேடையேறிச் சால்வை போர்த்துவார்கள். அப்போது மட்டும் கண் திறக்கும். போர்த்தியவர் பெயர், அவருடைய அப்பா பெயர், வள்ளத்தின் பெயர் எல்லாவற்றையும் மாமா மைக்கில் வாசிப்பார். சில நாள் பாட்டைவிட வாசிப்பு நீண்டுவிடும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், மாமா வேலையை விட்டுவிட்டுக் குழுவோடு மெட்ராசுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அங்கே யாரோ வீடு பார்த்துவிட்டார்களாம். கீபோர்டுக்காரரும் கடையை மூடத் தயாராகிவிட்டார். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு எங்கள் அடுக்களைக்கு வந்து, அம்மா மீன் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. "அவியளுக்கு வாசிக்கத் தெரியுமாக்கா? எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்கு. தெரியும்னா போவட்டும்" என்றார். அவ்வளவுதான். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா பேச்சை எடுத்தாள். மாமா அலமாரியைத் திறந்து காட்டினார். அம்மா சால்வையைப் பார்க்கவேயில்லை. உடனே மாமா தன் பெரிய ஆதாரத்தை எடுத்து வைத்தார். எந்தக் கச்சேரியிலாவது கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு ஆள் எழும்பிப் போயிருக்கிறானா என்று கேட்டார். அது உண்மைதான். மணலில் உட்கார்ந்த கூட்டம் உட்கார்ந்தபடியே இருக்கும்.

அம்மா சாளை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏலே, நீ பாடுதது பூரா சனிக்கெழம. மறுநா எவன் கடலுக்குப் போறான்? மறுநா கடலுக்குப் போறவன் எழும்பாம இருந்தாம்னா நீ மெட்ராசுக்குப் போ. நானே டிக்கெட் எடுத்துத் தாரேன்."

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை பார்ப்பார்கள், கறி எடுப்பார்கள், தூங்குவார்கள். திருவிழாக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி எல்லாம் அதனால்தான் சனிக்கிழமையில் வரும். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுபோல மாமாவுக்கு மட்டும் இது தோன்றியதே இல்லை. முகம் சுருங்கிப் போய், சாப்பிடாமல் எழும்பிவிட்டார். இரண்டு நாள் அம்மாவோடு பேச்சு இல்லை. அம்மாவின் மேல் எனக்கும் கோபம். ஊரே கைதட்டுகிற மனிதரை வீட்டுக்குள் இப்படிப் பேசலாமா?

மூன்றாம் நாள் மாமா தானாகவே வந்து, செவ்வாய்க்கிழமை பாடப்போவதாகச் சொன்னார். பந்தயத்தில் ஜெயித்துவிட்டவர் மாதிரிதான் சொன்னார். அம்மா இன்னொரு நிபந்தனையும் போட்டாள். யார் பெயரையும் மைக்கில் வாசிக்கக் கூடாது. அதற்கும் மாமா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

வலைக்கூடத்துக்கு முன்னால் இருந்த மணலில், ஜெபமாலை முடிந்த கையோடு ஆரம்பித்தார்கள். மேடை கிடையாது. மைக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டி ஒன்றின்மேல் கூட்டத்தைப் பார்த்தபடி நான் உட்கார்ந்துகொண்டேன். பாடகரின் மருமகள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டுமல்லவா? கூட்டம் நன்றாகவே இருந்தது. முதல் பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். மாமா அம்மாவைத் தேடிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

இரண்டாம் பாட்டில் ஒருவர் செல்போனில் மணி பார்த்தார். அவர் எழும்பியதும் பக்கத்தில் இருந்தவரும் எழும்பினார். யாரும் வெறுப்போடு போகவில்லை. பூசை முடியுமுன் கோவிலை விட்டு நழுவுகிறவர்கள் போல, கைலியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மரியாதையாகப் போனார்கள். வழக்கமாக முதல் சால்வை போர்த்துகிறவர், பெயர் வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் கொண்டுவந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.  மாமா கண்ணைத் திறந்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். கீபோர்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வாசித்தார். அவருடைய மனைவி மட்டும் குழந்தையை மடியில் போட்டபடி கடைசிவரை அசையாமல் இருந்தார்.

கடைசியில் மாமா கண்ணைத் திறந்தார். எதிரே கீபோர்டுக்காரரின் மனைவி, பிள்ளைகள், ஒரு நாய், போக மனமில்லாமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்த சில ஆண்கள். மற்ற இடமெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்த பள்ளங்கள்தான். டிரம்ஸ்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கினார். மாமா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாட்டு தொடங்குமுன் வரிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

பிறகு, கடலுக்குப் போனவனுக்குச் சோறு வைத்துக் காத்திருக்கிற வீட்டைப் பற்றி அவரே கட்டிய ஒரு பாட்டைப் பாடினார். வீட்டில் குளிக்கும்போது முணுமுணுப்பார். ஒப்பாரி மாதிரி இருக்கிறது, மேடைக்கு ஆகாது என்று குழுவினரே ஒதுக்கி வைத்த பாட்டு அது. இந்தத் தடவை யாருடைய குரலும் இல்லை. மூக்கால் பேசுகிற எங்கள் மாமாவின் குரலேதான்.

அப்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி டார்ச் லைட்டோடு வந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் விடியுமுன் வள்ளத்தில் போக வேண்டியவர். அவரைத் திட்டிக் கூட்டிப் போகத்தான் வந்தாள். வாயைத் திறந்துகொண்டே அவர் அருகில் வந்தவள், திட்டாமல் நின்றாள்.  பிறகு டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாமா வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமா மெட்ராசுக்குப் போகவில்லை. கீபோர்டுக்காரர் கடையை மூடவில்லை. அலைமகுடம் கலையவும் இல்லை. ஆனால் சினிமாப் பாட்டு குறைந்துகொண்டே வந்தது. அவர்களே கட்டிய பாட்டுகளில் ஒன்றிரண்டை இப்போது எங்கள் கரைப்பக்கம் வலை தைக்கிறவர்களின் செல்போனில் கேட்கலாம். மாமா இன்றும் ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டுகிறார். சால்வைகளை அம்மா ஜன்னல் திரையாக வெட்டித் தைத்துவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. வீடு திரும்பும்போது மாமாவின் மானம் போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மா சோற்றைப் போட்டு, பெரிய மீன் துண்டாகப் பார்த்து மாமாவின் தட்டில் வைத்தாள். மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஏளா, நீ எதுக்கத்தான இருந்த. யாரு யாரு எந்தப் பாட்டுக்கு எழும்புனா? ஒண்ணையும் மறைக்காமச் சொல்லு" என்றார்.

நாளைக்கு அவர்களோடு சண்டைக்குப் போகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, அழுதபடியே ஒவ்வொருவராகச் சொன்னேன். மாமா கோபப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சால்வைப் பையைக் கக்கத்தில் இடுக்கியவர் கதைக்குச் சிரிக்கக்கூடச் செய்தார். சொல்ல ஆளே மீதியில்லாமல் போனபோதுதான், டார்ச் லைட் அக்கா ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட வந்து, கூப்பிடாமல் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னேன்.

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எந்த வரிக்கு உக்காந்தா?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாடிக் காட்டினேன்.

"வெளிச்சம் ஒண்ணு வருது ஏளா, சோத்த மூடி வைக்காத..."

இன்னொரு தடவை பாடச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். மறுபடியும் பாடச் சொன்னார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது, அவர் கழுவவே இல்லை.

என் குரல் மாமாவுக்கு இவ்வளவு பிடித்துப்போய்விட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கச்சேரியில் எனக்கும் ஒரு சால்வை நிச்சயம் என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.