மெழுகுத் தொட்டிக்கு அடியில் ஒரு செங்கல்

என் தங்கச்சிக்கு இரண்டே சொத்து: ஒரு மெழுகுத் தொட்டி, ஒரு கொத்தனார் புருஷன். இரண்டாவதைப் பார்த்துக் கட்டி வைத்தவள் நான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

மெழுகுவர்த்திப் பட்டறையில் நான் பெட்டி ஒட்டுகிறேன், அவள் மெழுகு உருக்குகிறாள். முன்பெல்லாம் தொட்டியின் அடி கருகும், மேலே கட்டி மிதக்கும். துடுப்பால் கலக்கியே அவள் தோள் விட்டுப்போனது. ஒருநாள் தொட்டியின் கால் ஒன்று உடைய, கைக்குக் கிடைத்த செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். தொட்டி லேசாகச் சாய்ந்தது. அன்றிலிருந்து அடியில் சூடான மெழுகு உயர்ந்த பக்கமாக ஏற, மேலே ஆறியது தாழ்ந்த பக்கமாக இறங்க, தானாகவே சுற்ற ஆரம்பித்தது. சீக்கிரம் உருகியது, கருகவும் இல்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. "கல்லுல யாராவது கைய வெச்சீங்க, கொன்னுடுவேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

லீவு நாளில் பட்டறைத் தரை பூச வந்தார் மாப்பிள்ளை. கோணலைக் கண்டால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார், செங்கல்லை உருவினார், தொட்டியை மட்டமாக நிறுத்திக் காலைச் சிமெண்டில் புதைத்தார். பொண்டாட்டிக்கு உதவியாம்!

மறுநாள் காலை அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டறை முழுக்கக் கருகல் நாற்றம். குனிந்து பார்த்தால் செங்கல் இல்லை. அதற்குள் முதலாளி வந்து குதித்தார்.

"அடுப்ப வெச்சிட்டு எங்க பராக்குப் பாத்த? இனிமே நீ பெட்டி ஒட்டு, போ!"

மாப்பிள்ளை மிச்சத் தரையைப் பூச வந்து, கரணையும் கையுமாக அங்கேயேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. வாயிலுமா சிமெண்ட் பூசியிருந்தது? நான் கத்த எழுந்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அவரே சொல்லட்டும்க்கா."

அவர் குனிந்து மிச்சத் தரையைப் பூச ஆரம்பித்தார்.

அடுத்த நாள் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள். அழுது தொலைத்திருந்தால் எனக்காவது ஆறியிருக்கும். அப்போது உளிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை, தான் போட்ட சிமெண்டைத் தானே கொத்திக்கொண்டிருந்தார். செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் முதலாளியிடம் சொன்னார்.

"அவ மேல தப்பில்ல சார். மட்டம் பண்றேன்னு நான்தான் கெடுத்தேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி சரி. போய் அடுப்பப் பத்தவைம்மா."

அவள் எழுந்து போனாள். புருஷன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள்.

"கல்ல எடுத்ததுக்கு எனக்குக் கோவமில்ல. நேத்து நான் திட்டு வாங்கினத நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்களே, அதுக்கு எந்தக் கல்லக் கொண்டுவந்து வைக்கப்போறீங்க?"