பருப்புக்கு ஒரு பயாப்சி

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் டாக்டரானவளும் நான்தான். இதை நான் சொல்லிக்கொள்ள வேண்டியதே இல்லை. மும்பை தாராவியில் எங்கள் சந்துக்குள் கூரியர் கொண்டு வருகிறவருக்குக்கூட அம்மா சொல்லிவிட்டாள். ஆனால் என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால்தான் அவளுக்குத் தடுமாற்றம். இருமல், சுளுக்கு என்று கதவைத் தட்டுகிறவர்களிடம், "எனக்கு ஊசி போடுத வேல இல்லக்கா. ஒடம்புல ஒரு துண்டு வெட்டிக் குடுத்தா என்ன நோய்னு சொல்லுதேன்" என்பேன். இதுவரை ஒருவரும் துண்டு கொடுத்ததில்லை.

அதுதான் என் வேலை. நோயாளியிடமிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அது கட்டியா, கட்டியென்றால் நல்லதா கெட்டதா என்று எழுதுவது. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவர்களை முழுசாகப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு மட்டும் பார்த்தேன். ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் ஒரு தமிழ் அம்மாள் சண்டை போடுகிறார், வந்து மொழிபெயர்க்கவும் என்று கூப்பிட்டார்கள். விக்ரோலிக்காரர். ஐம்பது வயதிருக்கும். சர்ச் பாடகர் குழுவில் அவர்தான் முன்குரல். கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்தில் நாலு மாதமாக வீக்கம்.

"நீ எந்த ஊரு பிள்ள?" என்றார் எடுத்த எடுப்பில்.

"தாராவி. அப்பாவுக்குத் திருநெல்வேலி."

"அப்பம் நம்ம பிள்ள. கேளு. கட்டின்னு வந்தா பாதித் தாடைய எடுக்கணும்னு டாக்டருமாரு சொல்லுதாவ. கிறிஸ்மஸ் பாட்ட நான் பாதி வாயிலயா பாட முடியும்? செவ்வாக்கிழம கூட்டம் போட்டு முடிவு பண்ணுவாவளாம். நீ நல்லாப் பாத்துச் சொல்லு."

மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேன். பெரிய பெரிய செல்கள், அவற்றுக்கு நடுவே கண்ணாடி வளையல் மாதிரி இளஞ்சிவப்பு வளையங்கள். எங்கள் தலைமை மேடத்துக்குப் பல்லிலிருந்து முளைக்கும் ஓர் அபூர்வக் கட்டி மேல் சந்தேகம். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கிங்ஸ் சர்க்கிளில் எந்தக் கடைக் காப்பி நீர்த்துவிட்டது என்பதையும் கட்டியைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்.

"அந்த ஓரத்துல இருக்கறது என்ன மேடம்?" என்றேன். தேன்கூடு மாதிரி ஒரு துணுக்கு.

"ஃப்ளோட்டர். குப்பை. விட்டுத்தள்ளு."

சீவிய ஏட்டை வெந்நீரில் மிதக்கவிட்டுத்தான் கண்ணாடியில் ஏந்துவோம். அந்த வெந்நீரில் கிடக்கிற வேறு யாருடைய துணுக்காவது வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமலிருப்பதற்கே எங்களுக்கு மூன்று வருடப் பயிற்சி. நானும் விட்டுத்தள்ளினேன். அந்த அம்மாளின் வாய்தான் விடவில்லை. அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாக மூன்று முறை சீவச் சொன்னேன். மூன்றிலும் அதே இடத்தில் அதே தேன்கூடு. வெந்நீரில் மிதந்து வரும் குப்பை இவ்வளவு ஒழுங்காக வராது. அப்படியென்றால் அது சதைக்குள்ளேயே இருக்கிறது. கெட்டியான சுவர், உள்ளே வெறும் அறைகள், உட்கரு இல்லை. செடி. ஒரு தமிழ் அம்மாளின் வாயில், பல் பிடுங்கிய குழிக்குள், என்ன செடி போயிருக்கும்?

டிபன் டப்பாவைத் திறந்தேன். சாம்பார்.

அம்மாவுக்கு அன்று காலை குக்கர் மக்கர் பண்ணியதால் துவரம்பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. நாலைந்தைக் கழுவி, சதைத்துண்டு போடும் சின்ன டப்பாவில் போட்டு லேப் டெக்னீஷியனிடம் நீட்டினேன். அவர் மராட்டிக்காரர், விதிமுறை மனிதர். எண் இல்லாமல் எதையும் மெழுகில் பதிக்க மாட்டார்.

"பேஷண்ட் பெயர்?"

"சாம்பார்."

"வயது?"

"இன்னிக்குக் காலையில்தான்."

"கூட வந்தவர்?"

"நான்தான்."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாம்பார் தயாரானது. மேடத்தின் ஸ்லைடு தட்டில் விக்ரோலி அம்மாளின் சதை ஒட்டிய கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். எண்ணைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. மேடம் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அந்த ஓரத்துத் துணுக்கா? ஆழமா வெட்டினியா? இதுல நன்னாத் தெளிவாத் தெரியறதே. அதேதான், சந்தேகமே இல்லை."

"மேடம், இது எங்கம்மா வச்ச சாம்பார்."

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேடம் இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாடையில் இருந்த துணுக்கும் தட்டில் இருந்த சாம்பாரும் அக்கா தங்கை. அந்த வளையங்கள் பருப்பை உடம்பு கரைக்க முயன்று தோற்ற அடையாளங்கள். கட்டியே இல்லை.

"அம்மாகிட்டச் சொல்லு, இன்னும் ரெண்டு விசில் விடணும்" என்றார் கடைசியில்.

மருத்துவ உலகையே புரட்டிவிட்ட மிதப்பில் இருந்தேன். மேடம் அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை இறக்கி ஒரு பக்கத்தை விரித்தார். அரைப் பத்தியில் எல்லாம் இருந்தது, பருப்பு உட்பட. "நானும் படிச்சிருக்கேன். மறந்துட்டேன்" என்றார். அதை என் முன்னால் ஒத்துக்கொண்டதற்காக அவரைப் பிடித்துப்போனது. புத்தகத்தைத்தான் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தாடை தப்பியது. வீக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்தால் போதும் என்றார்கள். ஜன்னலில் அந்த அம்மாளிடம் நானே சொன்னேன்.

"கட்டி இல்லம்மா. பல்லுக் குழியில பருப்பு மாட்டியிருக்கு."

முதலில் அழுதார். கர்த்தருக்கு நன்றி சொன்னார். பிறகு அழுகை சட்டென்று நின்றது.

"என்னது, பருப்பா?"

"ஆமா. துவரம்பருப்பு மாதிரிதான் தெரியுது."

"ஏ பிள்ள, சபையில நாப்பது பேரு எனக்காவ உபவாசம் இருந்திருக்காவ. பாஸ்டர் பச்சத் தண்ணி குடிக்கல. அவுகட்டப் போயி பருப்புன்னா சொல்லுவேன்? வேற ஏதாவது எழுதிக் குடு."

"பொய் எழுத முடியாதும்மா."

"பொய் யாரு கேட்டா? அதுக்குப் பெரிய பேரு ஒண்ணு இருக்கும்லா?"

இருந்தது. புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் பெயரை ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டினேன். பல்ஸ் கிரானுலோமா. இங்கிலீஷில் பல்ஸ் என்றாலும் பருப்புதான்; அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அவர் வீங்கிய தாடையை முழுசாகத் திறந்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"இது போதும். இதுக்கு நாப்பது பேரு பட்டினி கெடக்கலாம்" என்று ரிப்போர்ட்டை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.