கல்யாண அட்டையில் ஒலித்த சவ ஊர்வலம்

என் தவறுக்குச் செல்வி என்ற தொழிலாளியைப் பலி கொடுத்தேன். அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மேலாளராக இருந்தேன். இப்போது மகனுடன் போலந்தின் வார்சாவில் இருக்கிறேன். இந்த ஊரில் தெருவோரக் கல் பெஞ்சுகள் பாடும். பொத்தானை அழுத்தினால், இங்கே வளர்ந்த ஷோப்பனின் பியானோ இசை எழும். சென்ற கோடையில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு ஒரு புதுமணத் தம்பதி படமெடுக்க வந்தார்கள். வெள்ளை கவுன் அணிந்த மணப்பெண் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். எழுந்தது ஷோப்பனின் சவ ஊர்வல இசை. பதறிப்போய், “நோ! நோ!” என்று கத்தியபடி பெஞ்சைக் கையால் பொத்தினேன். மாப்பிள்ளை கோபப்படவில்லை. கிழவனுக்கு இது யார் இசை என்று தெரியவில்லை போலும் என நினைத்து, நெஞ்சில் கைவைத்து, “ஷோப்பன்! எங்கள் ஷோப்பன்!” என்று விளக்கினான். என்னை நடுவில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள்.

திறந்தால் பாடும் அழைப்பிதழ் ஒருகாலத்தில் எங்கள் கம்பெனியின் பெருமை. ஓர் ஆசிரியர், மகளின் சர்ச் கல்யாணத்துக்கு மெண்டல்சோனின் மண ஊர்வல இசை வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தார். மாதிரிக்கு வந்த இசைச் சிப்புகளில் பெயர் இல்லை; துள்ளலாக ஒன்று, நிதானமாக ஒன்று. எம்.ஏ. படித்தவன், யாரிடமும் கேட்கக் கூச்சம். மணப்பெண் நிதானமாகத்தானே நடப்பாள் என்று இரண்டாவதை எடுத்து, செல்வியை ஒட்டச் சொன்னேன்.

ஆசிரியர் கார்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். “போதகரு தொறந்ததும் யாரு செத்தாகன்னு கேக்காரு! கல்யாணத்துக்கு அடிக்கச் சொன்னா எடுப்புக்கு அடிச்சிருக்கீகளே!”

“யாரு பாத்த வேலை இது?” என்றார் முதலாளி. நான் செல்வியைக் காட்டினேன்.

“சார், நீங்கதான இத ஒட்டச் சொன்னீக?”

“பொய் சொல்லாத” என்றேன்.

அன்றே அவளுக்கு வேலை போனது. அதன் பிறகு எந்த அச்சகமும் அவளைச் சேர்க்கவில்லை. ‘சாவுக்கார்டு செல்வி’ என்று பெயரே விழுந்துவிட்டது. வெடிமருந்துக்குப் பயந்து அச்சகத்துக்கு வந்தவள், அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்குப் போனாள்.

அந்தப் புகைப்படத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். அச்சகத்தில் எல்லோர் முன்னும் உண்மையைச் சொன்னேன். பிறகு அவள் வீட்டு வாசலில் நின்றேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், தலை நரைத்திருந்தது.

“எல்லாரும் இருக்கையிலயா சொன்னீக?”

“ஆமாம்மா.”

“சிரிச்சாகளா?”

“சிரிச்சாங்க.”

“என்னையும் பாத்து அம்புட்டுப் பேரும் சிரிச்சாக சார்.” கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். “அந்தப் பாட்டப் போடுங்க. என்னதான்னு கேப்போம்.”

செல்போனில் போட்டேன். கனத்த அடிகள் முடிந்து, எங்கள் சிப்பில் இடம்பெறாத நடுப்பகுதி வந்தது, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல. அவள் தலை சாய்த்துக் கேட்டாள். தெருமுனையில் ஆலை வேன் ஹாரன் அடித்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, “வேன் வந்துருச்சு” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டாள். பாட்டு முடியும்வரை அவள் வாசலில் நின்றேன்.

இப்போதும் வார்சாவில் யாராவது அந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த மெல்லிய இடம் வரும்போது நான் தெருமுனையைப் பார்க்கிறேன், வேன் வருகிறதா என்று.