அமிர்தத்தின் ஒன்பதாம் வகுப்பு

பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் அமிர்தம் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவாள். பையன் இறங்குவான். மத்தியானம் சாப்பிட்டானா, எவனாவது அடித்தானா என்று அவன் முகத்தைப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. முதுகில் தொங்குகிற பையைக் கழற்றி, நின்ற இடத்திலேயே டைரியை உருவிப் புரட்டுவாள். "இன்னிக்கு எங்களுக்கு சயின்ஸ்ல அஞ்சு கேள்வி, சோசியல்ல ஒரு மேப்பு, இங்கிலீஷ்ல ஒரு லெட்டரு. ஜாஸ்திதான்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பையோடு உள்ளே போவாள். பின்னால் பையன் கையை வீசிக்கொண்டு வருவான்.

'எங்களுக்கு' என்று அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. நைனார்பாளையத்தில் நாலு ஏக்கரில் மக்காச்சோளமும் மரவள்ளியும் வைக்கிற சின்னராசுவின் மனைவி, நாற்பதை நெருங்குகிறவள், இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு படித்துக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் எட்டாவது. டவுன் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் மகன் இளவரசன் பேர் இருக்கிறது.

தையல் மிஷின் மூடிதான் அவளுக்கு மேசை. அதன்மேல் நீலப் பேனா, கறுப்புப் பேனா, அடிக்கோடு போட ஒரு ஸ்கெட்ச், ஒரு அடி ஸ்கேல், ஓரம் பிய்ந்த கைடு. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறப்பாள். மார்ஜின் போட மறக்க மாட்டாள். முதலில் ஸ்கேலை வைத்து இடது ஓரத்தில் ஒரு கோடு இழுத்தாக வேண்டும், அப்புறம் மேலே பேர், வகுப்பு, தேதி. அந்தக் கோடு இல்லாத தாளில் அவளுக்கு எழுத்தே ஓடாது. பிறகு கைடைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இறக்குவாள். அர்த்தம் தெரியாது, வடிவம் தெரியும். இளவரசன் பக்கத்துக் கட்டிலில் படுத்துச் செல்போனில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். நடுநடுவே, "சத்தத்த கம்மி பண்ணுடா, படிக்கிற எடத்துல" என்று ஒரு அதட்டல் விழும்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது அஞ்சாம் வகுப்பில். பையன் ஏரிக்கரையில் சைக்கிளோடு விழுந்து வலது கை முறிந்தது. மாவுக்கட்டு, நாற்பத்தைந்து நாள். கை முறிந்த பையன் எழுத முடியாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அமிர்தம் அதைச் செய்யவில்லை. பையனுடைய பழைய நோட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் பழகி அவன் கையெழுத்தையே பிடித்துவிட்டாள். தொப்பை போட்ட 'ஏ', பன்றிக்குட்டி வால் மாதிரி சுருண்ட 'ஜி', புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு வட்டம் வைத்த 'ஐ'. மிஸ்ஸுக்குச் சந்தேகமே வரவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அம்மாவிடமிருந்து பேனாவைப் பிடுங்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பையனுக்குக் குரல் உடைந்து மீசை அரும்பிவிட்டது. அவன் நோட்டுக்கு இன்னும் பால்பல் விழவில்லை. அதே தொப்பை, அதே வால், அதே வட்டம்.

பள்ளிக்கூடமும் லேசுப்பட்டது இல்லை. வீட்டுப்பாடம் ஜாஸ்தியாகக் கொடுத்தால் நல்ல பள்ளிக்கூடம் என்று பெற்றவர்கள் நம்புகிறார்கள், அதனால் கொடுக்கிறார்கள். அறுபது நோட்டு கட்டாக வந்து இறங்கும். தேதி முத்திரை ஒரு குத்து, சிவப்பு மையில் 'குட்' ஒரு இழுப்பு, திரும்பக் கட்டாகப் போய்விடும். படிப்பது என்கிற வேலை இதில் எங்கேயும் வராது. ஏழாவதில் ஒரு தடவை, கைடில் ஒரு கேள்விக்குக் கீழே 'இதை மாணவர் தாமே செய்து பார்க்க வேண்டும்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அமிர்தம் அதையும் விடை என்று நினைத்து, அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டு அனுப்பினாள். அதற்கும் 'குட்' வந்தது.

அந்தக் குட்டுக்காகத்தான் இத்தனையும். அமிர்தம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தவள். அவள் நோட்டில் சிவப்பு மை பட்டதெல்லாம் சுழிப்பதற்கும் அடிப்பதற்கும்தான். இப்போது வருஷக் கடைசியில் எல்லா நோட்டையும் எடுத்து வைத்துக் குட் எண்ணுவாள். எட்டாம் வகுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு. எதிர்வீட்டு ராஜாம்பாளிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

"அப்ப பரீட்சைக்கும் நீயே ரெட்ட ஜடை போட்டுக்கினு போயிடேண்டி" என்றாள் ராஜாம்பாள்.

"உட்டா போவேன்க்கா. உட மாட்றாங்களே" என்றாள் அமிர்தம். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

பரீட்சைக்குப் போகிறவன் இளவரசன். நூற்றுக்கு முப்பத்துநாலு, இருபத்தொன்பது, முப்பத்தாறு என்று வாங்கி வருவான். "வூட்ல நல்லா எழுதறான், அங்க போனா மறந்துடறான்" என்று அமிர்தம் அடித்துச் சொல்வாள். ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் வாங்கி வந்து காலையும் மாலையும் அவன் வாயில் அப்புவாள். எழுதுகிறவள் ஒருத்தி, லேகியம் தின்கிறவன் ஒருத்தன். சின்னராசுவைக் கேட்டால், "எனுக்கு இன்னா தெரியும், அவன் படிப்ப அவ பாத்துக்கிறா" என்பான். மகன் எட்டாவதா ஒன்பதாவதா என்பதில் அவனுக்குத் தை மாசம் வரைக்கும் குழப்பம் உண்டு.

இந்த வருஷம் ஜூனில் சயின்ஸுக்கு வளர்மதி மிஸ் வந்தாள். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம், மலைப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து மேலே வந்தவள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கொடுத்த வீட்டுப்பாடத்தைப் படித்தாள். அது போதாதென்று கைடில் இல்லாத கேள்வியாகக் கொடுத்தாள். 'மரவள்ளி இலை பத்து பறித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பிரிவு என்று எண்ணி எழுதி வரவும்.'

அமிர்தம் கைடை மூன்று தடவை புரட்டினாள். அப்புறம் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டாள். "மலையிலேர்ந்து எறங்கி வந்துக்கினு நம்மள மரவள்ளி எண்ணச் சொல்றாங்க பாருங்க. கைடுல இல்லாத கேள்விய கேட்டா நாங்க எங்க போயி எழுதறது?" பதினெட்டுப் பேர் கும்பிடு போட்டு ஆமோதித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி நிற்கிறது. அதற்குள் கால் வைக்காமல், பத்து இலைக்கும் 'ஐந்து' என்று எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை குட் வரவில்லை. 'பத்திலும் ஐந்துதானா? மறுபடி எண்ணவும்' என்று வந்தது. அன்றைக்கு அமிர்தம் சோறு தின்னவில்லை.

ஐப்பசியில் மூட்டுக் காய்ச்சல் ஊரைப் பிடித்தது. அமிர்தத்தின் விரல்கள் மஞ்சள் கிழங்கு மாதிரி வீங்கிவிட்டன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, பேனாவை எங்கே பிடிப்பது. மூணு வாரம். "வூட்ல எல்லாருக்கும் ஜுரங்க, நோட்ட அப்பறமா சேத்து காட்டுறோம்" என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

இளவரசனைக் கேட்பார் இல்லை. செல்போனையும் காய்ச்சல்காரி தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பொழுது போகாமல் மோட்டார் கொட்டகைப் படியில் போய் உட்கார்ந்து ரஃப் நோட்டைப் பிரித்தான். மரவள்ளி இலையை எண்ணினான். அஞ்சும் இருந்தது, ஏழும் இருந்தது, ஒன்றில் மூன்றுதான் இருந்தது. மடை திருப்பிக்கொண்டிருந்த அப்பனிடம் போய்ச் சொன்னான். "இத்தினி வருசமா நட்டுக்கினு கெடக்கேன், நான் எண்ணலியேடா" என்றான் சின்னராசு. மூணு வாரமும் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததையெல்லாம் பையன் தினம் எழுதினான். மெலிந்து, வலப்பக்கம் சாய்ந்து, அவசரமாக ஓடுகிற எழுத்து. முதல் வாரம் பாதி தப்பு. கைடு அம்மாவின் பெட்டியில் பூட்டிக் கிடந்ததால் புத்தகத்தைப் படிக்க வேண்டியதாகிவிட்டது.

அமிர்தம் எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு அந்த ரஃப் நோட்டு கண்ணில் பட்டது.

"இன்னாடா இது, கோழி கெளறின மாரி? இத்த காட்டினா மிஸ்ஸு கண்டுபுடிச்சிடுவாங்க."

"இன்னா கண்டுபுடிப்பாங்க?"

"ஒன் எழுத்து இல்லன்னு."

"நான்தாம்மா எழுதினேன்."

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா? தள்ளு."

வீங்கின விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து, பையன் எழுதின அத்தனையையும் பையனுடைய கையெழுத்தில் நோட்டுக்கு மாற்றினாள். ரஃப் நோட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனது.

அரையாண்டுத் தேர்வில் இளவரசன் சயின்ஸில் எண்பத்தொன்று வாங்கினான். வந்தது வினை.

முப்பத்துநாலு வாங்குகிறவனின் கையெழுத்தை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. எண்பத்தொன்று என்றதும் முதல்வர் அரங்கநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று இங்கே வந்து உட்கார்ந்தவர். விடைத்தாளையும் வீட்டுப்பாட நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மெலிந்து சாய்ந்திருந்தது, ஒன்று தொப்பை தள்ளியிருந்தது. பெற்றவர்களை வரச் சொன்னார். சின்னராசு பைக்கோடு வாசலில் நின்றுகொண்டான். அமிர்தம் பட்டுப்புடவையில் உள்ளே போனாள். மேசையின் ஒரு ஓரத்தில் வளர்மதி மிஸ், இன்னொரு ஓரத்தில் இளவரசன்.

"இந்தப் பேப்பர் உங்க பையன் எழுதினது இல்லம்மா. எவனோ மாத்திக் கொடுத்திருக்கான்" என்றார் முதல்வர்.

"நான்தான் சார் எழுதினேன்" என்றான் இளவரசன்.

"சார், ஒருவேளை நோட்டுதான்..." என்று வளர்மதி ஆரம்பித்தாள்.

"நோட்டுல என்னம்மா தப்பு? அஞ்சு வருஷமா நம்ம டீச்சர்ஸ் குட் போட்ட கையெழுத்து. அது பொய்யா இருக்குமா?" மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "பத்தாவதுல எங்களுக்கு ரிசல்ட்டு முக்கியம். காப்பியடிக்கிற பையன வெச்சுக்க முடியாது. பேப்பருக்கு ஜீரோ. மார்ச்சுல டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க."

இளவரசன் அம்மாவைப் பார்த்தான். பையைத் தாண்டி அவள் பார்க்காத அந்த முகம் முழுசாக அவள் பக்கம் திரும்பியிருந்தது. "யம்மா, நீ சொல்லேன்" என்றான். குரல் பாதியில் உடைந்தது.

ஒரு வரி போதும். நோட்டு என்னுது சார், பேப்பர் அவன்துதான் சார். வாயைத் திறந்து அமிர்தம் நோட்டைப் பார்த்தாள். மேல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குட் இருந்தது. இந்த வருஷத்துக் கணக்கில் அது தொண்ணூற்றேழாவது.

"ரெண்டுமே அவன் எழுத்துதாங்க" என்றாள். "வளர்ற புள்ள. கையி ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்குமா?"

வளர்மதி அவளையே பார்த்தாள். பிறகு முதல்வர் பக்கம் திரும்பி, "இங்கயே எழுதச் சொல்லிப் பாத்துடலாம் சார். நான் கேள்வி கேக்கறேன்" என்றாள்.

அது முதல்வருக்குச் சரியாகப் பட்டது. ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் தள்ளி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகிப் பையன் பக்கமாக நீட்டினார். "எழுதுப்பா."

இளவரசன் கையை நீட்டினான்.

அதற்குள் பேனா அமிர்தத்தின் கைக்குப் போயிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல்வரின் பேனாக்கூட்டிலிருந்து ஸ்கேலை உருவி இடது ஓரத்தில் நேராக ஒரு மார்ஜின் இழுத்தாள். அதன் மேலே, இங்கிலீஷில், இளவரசன் என்று எழுதினாள். அதில் வருகிற நாலு 'ஏ'வுக்கும் நாலு தொப்பை போட்டாள். பேரின் கீழே ஒன்பது, ஒரு சின்னக் கோடு, 'பி'. தேதி. பிறகு பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு வளர்மதியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேள்விய சொல்லுங்க மிஸ்."