ஒழுங்கைக்காக எழுதிய மனு

எங்கள் சைக்கிள் சங்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போர்க்காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் அப்படியொன்று இருந்தது. ஞாயிறு காலையில் பொரளை வரை ஓடித் திரும்பி, தேத்தண்ணி குடித்தபடி, ஊர் முழுக்கச் சைக்கிளுக்கு மாற வேண்டும் என்று பேசிக் கலைவோம். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது நான்தான்.

எங்கள் வீதியையும் கடைப்பக்கத்தையும் ஒரு ஒழுங்கை இணைத்தது. கார் நுழையாது, இரண்டு சைக்கிள் உரசாமல் விலகலாம். முனையிலிருந்த பழைய வீட்டை ஒருவர் வாங்கி, ஒழுங்கையையும் விழுங்கி மாடிவீடு கட்ட மாநகரசபையில் வரைபடம் கொடுத்திருந்தார். ஆட்சேபனை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மாநகரசபைக் கந்தோரில் கொடுக்கலாம் என்று மதிலில் சிங்களத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தது.

அந்த ஒழுங்கையை நம்பிப் பிழைத்தவர் இடியப்பக்காரர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ஒரு வாடகை அறையில் மனைவியோடு இருந்தார். அவித்த இடியப்பத்தைச் சைக்கிள் பெட்டியில் சூட்டோடு கடைகளுக்குக் கொண்டுபோவார். ஒழுங்கை மூடினால் காலி வீதி என்ற பெருந்தெருவால் சுற்ற வேண்டும். அங்கே சோதனைச்சாவடி, பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஆறியதைக் கடைக்காரர் எடுக்கமாட்டார்.

சங்கத்தில் சொன்னேன். தலைவர் காப்புறுதிக் கம்பனியில் பெரிய உத்தியோகம்.

"பிள்ளை, நாங்கள் சைக்கிள் ஓடுற ஆக்கள். காணி, கட்டடம் எல்லாம் அரசியல். எங்களுக்கேன்?"

"ஒழுங்கையைக் குடுத்துப்போட்டு எங்கை ஓடப்போறியள் அங்கிள், மொட்டைமாடியிலையோ?"

"சைக்கிளுக்கு அஞ்சு கியர், வாய்க்குப் பத்து," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றே மனு எழுதிக் கட்டம் போட்டேன்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, சொந்த இடம், கொழும்புக்கு வந்த காரணம். கை தானாகப் போட்டது. தமிழர் வீடென்றால் வந்துதங்கும் ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டும்; எங்கள் வீட்டில் அந்தப் பாரம் நிரப்பியது நான்தான். பெயர்ப் பட்டியல் என்றால் வேறு அமைப்பு எனக்குத் தெரியாது.

இடியப்பக்காரர் தாளைப் பார்த்தார்.

"ஒழுங்கைய மூட வேணாம்னு எழுதுறதுக்கு, நான் கொழும்புக்கு வந்த காரணம் எதுக்குங்க தங்கச்சி?"

உள்ளேயிருந்து மனைவி, "கையெழுத்துப் போட்டுறாதீங்க!" என்று கத்தினார்.

வெட்கத்தில் கிழித்தேன். பெயரும் கையெழுத்தும் மட்டும் போதும் என்று புதுத்தாள் கொண்டுபோனேன். ஒழுங்கை முழுவதும் போட்டது. வெள்ளிக்கிழமை கந்தோரில் கிளார்க் தாளைத் திருப்பித் தள்ளினார். "ஐடி நம்பர் நே, எட்ரஸ் நே. மேக்க வெடக் நே, நங்கி." இலக்கமும் முகவரியும் இல்லாத மனு செல்லாது, திங்கள் கடைசி நாள். சொந்த இடம் அவருக்குத் தேவையே இல்லை.

அறைகளில் தங்கியிருந்தவர்கள் இலக்கம் எழுதப் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. சங்கத்துக்காரருக்கு என்ன பயம்? சொந்த வீடு, நிரந்தர முகவரி, பொலிஸ் பதிவும் சரி. ஞாயிறன்று தாளை நீட்டினேன். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருவர் டயரை அமத்திப் பார்த்தார். பிறகு எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள்.

திங்கள் காலை இடியப்பக்காரர் தானாக வந்து இலக்கத்தை எழுதினார். "பொலிசுல எல்லாம் இருக்குதுங்க. இன்னொரு எடத்துலயும் இருந்துட்டுப் போகட்டும்."

அவருடையதும் என்னுடையதுமாக இரண்டு இலக்கங்களோடு கொடுத்தேன். மனு எடுபடவில்லை, ஒழுங்கையை மறித்து மதில் எழும்பியது. சங்கம் கட்டடக்காரருக்குக் கடிதம் எழுதி, புது மாடிவீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்த ஒரு கம்பித்தாங்கி கேட்டு வாங்கிக்கொண்டது. அதன் பக்கத்தில் நின்று படமும் எடுத்தது. காணி அரசியல் வேண்டாம் என்றவர்களுக்குக் காணிக்காரன் போட்ட பிச்சை அது.

நான் கடைசியாக அவர்களோடு ஓடிய ஞாயிறு, சோதனைச்சாவடியில் தலைவரைப் பார்த்துப் போகச்சொல்லிக் கைகாட்டினார்கள். ஓரத்தில் இடியப்பக்காரர் பெட்டியைத் திறந்துபிடித்தபடி நின்றார். ஆவி போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் மணி அடித்துக்கொண்டு கடந்தார்கள். நான் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்று, என் அடையாள அட்டையை வெளியே எடுத்தேன்.